அப்பா பேசாத பள்ளிக்கூடம்

மஞ்சள் துணிப்பைக்குள் தொண்ணூறு மரக்கட்டைகள் ஒன்றோடொன்று முட்டி உருளும் சத்தம், முறத்தில் கொட்டைப்பாக்கைப் புடைப்பது போலிருக்கும். அந்தச் சத்தம் சட்டென்று நிற்கும், கூம்பு ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிடும், அடுத்த நொடி என் அப்பாவின் குரல் ராயப்பேட்டையில் எங்கள் சந்து முழுவதும் கேட்கும். எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான பங்குக் கோயில் திருவிழாவின் கடைசி நாள் மாலையில் 'ஹவுசி' ஆடுவார்கள். பையிலிருந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்து அதிலுள்ள எண்ணை ஒருவர் மைக்கில் கூப்பிட, கையிலிருக்கும் சீட்டில் அந்த எண்ணை அடித்துக்கொண்டே போய், முதலில் வரிசையை முடிப்பவருக்குப் பரிசு. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடமிருந்து எங்களிடம் வந்த ஆட்டம் அது; எண்களுக்கு அவர்கள் வைத்திருந்த ஆங்கிலப் பட்டப்பெயர்களும் கூடவே வந்துவிட்டன. அப்பா அவற்றைத் தன் வாய்க்குத் தோதாக மாற்றிக்கொண்டிருந்தார். "டூ பேட்டு லேடீசு, எய்ட்டி எய்ட்டு!" என்பார், இரண்டு எட்டுகளும் இரண்டு குண்டுப் பெண்மணிகளாம். தொண்ணூறு வந்தால் "மொட்ட மாடி, நைன்ட்டி!" இருபத்தொன்றுக்கு, "தாம்பரம் பஸ்ஸு வந்துக்கினு கீது, ஏறு ஏறு, டொண்ட்டி ஒன்னு!" அச்சகத்தில் நாளெல்லாம் மெஷின் ஓட்டியவர்; அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். "அந்தோணி கூப்ட்டா தோத்தாலும் குஷிதான்" என்பது எங்கள் பங்கில் ஒரு பழமொழியாகவே ஆகியிருந்தது.

அந்தக் குரலை நான் என் பத்தாவது வயதில், ஒரே ஒரு வாக்கியத்தால் நிறுத்தினேன்.

தொண்ணூற்றிரண்டாம் வருடக் கோடை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தேன். மயிலாப்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வெளியிலிருந்து சில பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று என் சித்தி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ஸ்டெல்லா சித்தி பனகல் பார்க் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். உலகம் தெரிந்தவள் என்று எங்கள் வீட்டில் பெயர். அந்தப் பள்ளியில் பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை, அப்பா அம்மாவையும் உட்காரவைத்துப் பேசவைத்துப் பார்ப்பார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். "துணிமணிய அப்புறந்தான் பாப்பாங்க மாமா. மொதல்ல வாயத்தான் பாப்பாங்க."

அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. போன வருடம் எங்கள் சந்துத் தச்சர் தன் மகளை அங்கே அழைத்துப்போனார். பெண் கெட்டிக்காரி, கேட்ட கணக்கையெல்லாம் போட்டுவிட்டாள். தச்சர் வாயைத் திறந்து "இஸ்கூலு" என்றாராம். எதிரே உட்கார்ந்திருந்த தலைமைச் சகோதரி, கையிலிருந்த பென்சிலால் தாளில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாராம். அவ்வளவுதான், சீட்டு இல்லை. தச்சர் அந்தக் குறியைத் தன் கண்ணால் பார்த்தாரா, வேறு காரணத்தால் சீட்டு போனதா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பென்சிலை மட்டும் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பாடம் நடந்தது. வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய மையைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, முக்காலியில் உட்காருவார். சித்தி எழுதிக் கொடுத்த ஆங்கில வாக்கியங்கள் நான்கு. அவற்றை அவர் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். நாக்குதான் ஒத்துழைக்கவில்லை.

"முன்னாடி 'இ' வராது மாமா. ஸ்கூல்."

"அது இல்லாம நாக்கு கெளம்பவே மாட்டேங்குதே ஸ்டெல்லா. வண்டிக்கு கிக்கரு மாரி அது."

முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் வாரத்திலிருந்து நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஆங்கிலச் சொற்கள் கேட்டமாத்திரத்தில் வாயில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கர்வத்தில் அப்பாவுக்கு நானே வாத்தியார் ஆனேன். என் பெயர் ஃபெலிசியா. ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரை ஆசையாகத் தேடி வைத்தவர் அப்பாதான். ஆனால் அவருக்கு அது 'பெலிசி'தான். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொன்னேன். சாப்பிடும்போதுகூட விடவில்லை. அவர் ஊதி ஊதி, எச்சில் ரசத்தட்டில் தெறித்தது. "தட்டுல துப்புறியேப்பா!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. தட்டைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி ஊதினார். இன்று நினைத்தாலும் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அந்த நாள் வந்தது. அப்பா கல்யாணச் சட்டை போட்டிருந்தார். பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் உள்ளே போயிருந்தது. அரைக்கதவு வழியாக அந்தத் தகப்பனாரின் ஆங்கிலம் வெளியே கேட்டது. தப்பும் தவறுமாக, ஆனால் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் வெளியே வந்து படியிறங்கிப் போனதும், தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்றிருந்த இரண்டு டீச்சர்கள் அவர் சொன்ன ஏதோ ஒரு சொல்லை அவரைப் போலவே சொல்லிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. பின்னாளில் அவர்களில் ஒருவர் எனக்கு வகுப்பாசிரியையாகி, தன் டப்பாவிலிருந்து எனக்கு எலுமிச்சை சாதம் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சட்டென்று திரும்பினேன். அப்பாவைப் பார்த்தேன். அவரும் கேட்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, அந்த நான்கு வாக்கியங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டு.

உள்ளே தலைமைச் சகோதரி இருந்தார். எல்லோரும் அவரை 'மதர்' என்பார்கள். கேரளத்துக்காரர், அவர் தமிழில் மலையாளம் தாராளமாகக் கலந்திருக்கும், 'நான் வந்து', 'அவன் போய்' என்று வினைச்சொற்கள் வால் இல்லாமல் நிற்கும். அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 'வெளியூர்க்காரங்களா இருந்தும் எவ்ளோ அழகாத் தமிழ் பேசறாங்க' என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் ஆங்கிலத்தைப் பற்றி ஏன் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

மேசைமேல் ஒரு தாள். மதரின் கையில் பென்சில். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

என்னைக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மதருக்குத் திருப்தி என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு அப்பா பக்கம் திரும்பி, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் சொல்லுங்களேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று சித்தி பத்துத் தடவை சொல்லியிருந்தும் எழுந்தார். முதல் வாக்கியத்தின் முதல் சொல் என் பெயர். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்தார். காற்று வந்தது, சொல் வரவில்லை. மதரின் பென்சில் தாளை நோக்கி இறங்கியது. ஒருவேளை அவர் தேதியைத்தான் குறிக்கப் போயிருப்பாரோ என்னவோ. நான் அந்த இரண்டு டீச்சர்களின் சிரிப்பைக் கேட்டேன்.

"மதர், அப்பாவால் பேச முடியாது, தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்றேன், அச்சுப் பிசகாத ஆங்கிலத்தில்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஆபரேஷன்' தெரியும். மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியவில்லை, எனக்கு அது ஒரு முழு ஜெபமாலை சொல்லும் நேரம். பிறகு உதட்டை மூடினார். வலது கையை மெல்லத் தூக்கி, இரண்டு விரலால் தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி, தலையை அசைத்தார்.

மதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ, கஷ்டமல்லோ! எத்தன நாளாச்சு?" என்று தமிழுக்கு மாறி அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதுவிட்டாள். அது எதற்காக வந்த அழுகை என்று மதருக்கு எப்படித் தெரியும்? சீட்டு கிடைத்தது.

திரும்பும் வழியில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதும்பாங்க. இவளுக்கு இன்னாடான்னா சீட்டே கெடைக்குது" என்று அம்மா வழியெல்லாம் பொரிந்தாள். லஸ் முனை தாண்டியதும் அப்பா ஹேண்டில் பாரை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "கெட்ச்சிச்சில்ல? அத்தோட உடு" என்றார். நானும் அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

பள்ளி திறந்த அன்றுதான் புரிந்தது. தினமும் காலையில் அப்பாதான் என்னைச் சைக்கிளில் கொண்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிவரவும் வேண்டும். வாசலில் வாட்ச்மேன், சகோதரிகள், மற்ற பிள்ளைகளின் பெற்றோர். கச்சேரி ரோடு திரும்பியதுமே அப்பா வாயை மூடிக்கொள்வார். திரும்ப லஸ் முனை வந்தபிறகுதான் திறப்பார். சாயங்காலம் சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி "பெலிசி!" என்று கூப்பிடக்கூடியவர், வாசலுக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். அந்த இரண்டு மணிதான் அங்கே என் பெயர். ரேங்க் கார்டு வாங்க வரும் நாட்களில் டீச்சர்கள் அவரிடம் தாளில் எழுதிக் காட்டுவார்கள், அல்லது ஊருக்கே கேட்கும்படி கத்திப் பேசுவார்கள். பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று ஒரு நினைப்பு. அப்பா பவ்யமாகத் தலையாட்டுவார்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் வெள்ளி பள்ளிச் சிற்றாலயத்தில் மன்றாட்டு நடக்கும்போது, "ஃபெலிசியாவின் தந்தை குரல் பெற" என்று மதர் வாசிப்பார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முந்நூறு பிள்ளைகள் சொல்லும். அந்த முந்நூறில் நானும் ஒருத்தி. 'ராயப்பேட்டைப் பொண்ணு மாதிரியே பேசலையே நீ' என்று ஒரு டீச்சர் சொன்னபோது நான் அதைப் பாராட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் "நல்லது" என்றார்.

செப்டம்பரில் திருவிழா வந்தது. மதரும் சகோதரிகளும் வருவதாகச் செய்தி வந்ததும், அப்பா மஞ்சள் பையைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்து, மைக்கில் கத்தினால் தொண்டை கட்டுகிறது என்று சொல்லிவிட்டார். ஹவுசி நேரத்தில் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அந்தோணி! மைக்க புடி!" என்று கூட்டம் கத்தியது. அவர் இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். புதிதாக ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். வேறொருவர் எண்களைக் கூப்பிட்டார். சுத்தமான உச்சரிப்பு, ஒரு பிழை இல்லை. எண்பத்தெட்டு வந்தபோது கூட்டம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் சீட்டில் எண்ணைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். "மெய்யாலுமே தொண்ட பூட்ச்சா அந்தோணி?" என்று அச்சகத்துக் கூட்டாளி ஒருவர் கேட்டார். முன்வரிசையில் மதர் இருந்தார். அப்பா தலையை ஆட்டினார். பள்ளி வாசலோடு நின்றிருந்த என் பொய், அன்று எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது.

பிப்ரவரியில் தொண்டை நோய்களுக்குப் பாதுகாவலரான ஒரு புனிதரின் திருநாள் வரும். அன்று சாமியார் இரண்டு மெழுகுவத்திகளைச் சிவப்பு நாடாவால் குறுக்காகக் கட்டி, ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து மந்திரிப்பார்; முடிந்ததும் மந்திரிக்கப்பட்டவர் 'ஆமென்' என்று சொல்ல வேண்டும். அப்பாவை அன்றைக்குப் பள்ளிச் சிற்றாலயத்துக்கு அவசியம் அழைத்துவரும்படி மதர் ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினார்.

அம்மா அந்தத் துண்டுச்சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். எனக்கு மட்டும் மூளை மின்னல் போல வேலை செய்தது. போகிற வழியில், சைக்கிளின் பின்னாலிருந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, மெழுகுவத்தி வெச்சதும் நீ சத்தமா ஆமென் சொல்லிடு. சாமி புதுமை செஞ்சி கொரல குடுத்துட்டாருன்னு நெனச்சிப்பாங்க. அதுக்கப்புறம் நீ எங்கனா பேசலாம். ஆமென்னு சொல்றதுல தப்பே வராதுப்பா, அதுல கஷ்டமான எழுத்தே இல்ல."

தெப்பக்குளத்து ஓரமாக அப்பா சைக்கிளை நிறுத்தினார். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை.

"உனுக்கோசரம் ஊமையா இருக்கறேன். எத்தினி வருசம்னாலும் இருக்கறேன். ஆனா பெலிசி, சாமி மேல பொய்ய ஏத்தச் சொல்லாத."

அவ்வளவுதான் பேசினார். சிற்றாலயத்தில் என்னை முன்னால் விட்டு வரிசையில் நின்றார். என் முறை முடிந்து நான் ஒதுங்கி நின்றேன். அப்பா முழந்தாளிட்டார். குளிர்ந்த மெழுகு அவர் தொண்டையின் இரு பக்கமும் பட்டபோது குரல்வளை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். மதர் ஓரடி தூரத்தில் கைகூப்பி நின்றார். சாமியார் செபத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். சிற்றாலயமே காத்திருந்தது. அப்பாவின் உதடுகள் இறுகியிருந்தன, கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. இன்னொரு நொடி போனால் நான் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. மதரின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீட்டு போயிருக்கும், அல்லது போகாமலும் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, "ஆமென்" என்று நான் சொன்னேன், அப்பாவுக்காக, உடைந்த குரலில்.

மதர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வரும்போது என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். அடுத்த முதல் வெள்ளியில் அந்த மன்றாட்டை அவர் வாசிக்கவில்லை, அதற்கடுத்த வெள்ளியிலும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஞாயிறு பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் கையால் திவ்ய அப்பம் வாங்க, எல்லோரும் வரிசையில் போகும்போது அப்பா எழுந்திருப்பதில்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஏனென்று அம்மாவைக் கேட்டேன். "நன்மை வாங்க மொதல்ல சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும். செஞ்சா, இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும்ல? அவரு நாளைக்கும் உன்ன இஸ்கூலுக்கு இட்டுக்கினு போவணுமே" என்றாள். அவள் அதைக் குத்திக்காட்டவில்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழு வருடம் அப்படியே போனது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நான் சான்றிதழ் வாங்கிய அன்று, வாசலுக்கு வெளியே மணி இரண்டு தரம் அடித்தது. அந்தச் சனிக்கிழமையே அப்பா, சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத்தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மறுநாள் நன்மை வரிசையில் எனக்கு முன்னால் அவர் முதுகு. அப்பாவுக்குத் தலை இவ்வளவு நரைத்துவிட்டதா என்று அப்போதுதான் பார்த்தேன். அந்த வருடத் திருவிழாவில் நீயே கூப்பிடுப்பா என்று கெஞ்சினேன். "பழக்கம் உட்டுப்போச்சும்மா" என்றார். வீட்டிலும் அவர் பேச்சு குறைந்திருந்ததை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது அடையாற்றில் ஒரு அலுவலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் நானும் உட்காருகிறேன். எதிரே ஒரு பையன் 'இஸ்கூல்' என்றால் என் காது முதலில் நிமிர்கிறது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மேசைமேல் நான் பென்சில் வைத்துக்கொள்வதில்லை.

ஆதம்பாக்கத்தில் என்னோடு இருக்கும் அப்பாவைப் போன செப்டம்பரில் பழைய பங்குத் திருவிழாவுக்கு அழைத்துப்போனேன். அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. மஞ்சள் பையும் இல்லை, மரக்கட்டைகளும் இல்லை. சுவரில் பெரிய திரை. கம்ப்யூட்டர் பொறுக்கும் எண் அதில் பளிச்சென்று விழ, பதிவுசெய்த ஒரு பெண் குரல் அதை அமெரிக்க ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் பேசாமல் செல்போனில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடத்திக்கொண்டிருந்த இளைஞன் அப்பாவை அடையாளம் கண்டு ஓடிவந்தான். "மாமா, நீங்க செம்மையா கூப்புடுவீங்களாமே, எங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு. ஒரே ஒரு நம்பரு கூப்புடுங்க மாமா" என்று மைக்கை நீட்டினான். திரையில் எண்பத்தெட்டு விழுந்திருந்தது.

"சொல்லுப்பா" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அப்பா மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வலது கையை மெல்லத் தூக்கி, இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை அசைத்துச் சிரித்தார். பாவம், பெரியவருக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பையன் மைக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் பத்து வயதில் சொன்ன பொய்யை அப்பா இன்னும் எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.